பல்லியைத் தொட்ட கை

எங்கள் ஊரில் பிறந்தவர்கள் எங்கள் ஊரைப் பார்ப்பதில்லை. வெளியூரிலிருந்து யாராவது வந்து இறங்கிக் கையைப் பிடித்து இழுத்தால்தான் பார்ப்போம். காஞ்சிபுரத்தில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு கோவில் வாசலில்தான் விழ வேண்டும் என்று வருகிறவர்கள் வியந்துகொள்வார்கள். நாங்கள் அப்படி விழுந்தாலும் எழுந்து புழுதியைத் தட்டிவிட்டுத் தறிக்குப் போய்விடுகிற ஜாதி.

இப்போது என் வீட்டுக்கு வரும் சம்பந்திகள், பேரன்மார்களின் சிநேகிதர்கள் எல்லாரையும் ஊர் சுற்றிக் காட்டுவது என் வேலையாகிவிட்டது. வரதர் கோவிலில் பல்லி, கல்லிலேயே கடைந்த சங்கிலி, ஏகாம்பரர் கோவிலில் மாமரம் என்று வரிசையாகக் காட்டிக்கொண்டே போவேன். கைலாசநாதர் கோவில் வந்ததும் மட்டும் முழங்கால் வலி என்று சொல்லி வெளியே நந்தியின் நிழலில் உட்கார்ந்துவிடுவேன். முழங்கால் வலி பொய்யில்லை. ஆனால் அது வருவதற்குப் பல வருஷம் முன்னாலேயே இந்தப் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

எனக்கு அப்போது எட்டு வயதோ ஒன்பதோ. பிள்ளையார்பாளையத்தில் குடியிருந்தோம். தெரு முழுக்கப் பட்டுத் தறி. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா நெய்தது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கத்தரித்து ஒட்டினதுபோல் இரண்டும் சேர வேண்டும், ஆனால் பிரிக்க முயன்றால் புடவை கிழிய வேண்டுமே தவிர அந்த இடம் விடக் கூடாது. இதை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. நெய்கிறவர் தறிக்குழியில் நடுவில் உட்கார்ந்திருப்பார். கரைப் பக்கமாக ஒரு சின்ன ஆள் உட்கார்ந்து, ஒவ்வொரு இழைக்கும் கரைக்கான நாடாவை, அதாவது ஊடுநூல் சுற்றிய கட்டையை, போட்டு வாங்க வேண்டும். அந்தச் சின்ன ஆளுக்குச் சின்ன விரல்கள் இருக்க வேண்டும், குறுகி உட்கார உடம்பு வளைய வேண்டும், கூலி கேட்கக் கூடாது. ஆகவே பெற்ற பிள்ளையாக இருந்துவிட்டால் எல்லாருக்கும் சௌகரியம். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் உட்கார்ந்தது நான். அண்ணன் வேறு தறிக்குப் போய்விட்டான். தம்பிக்கு நாடாவைப் பிடிக்கிற வயது வரவில்லை.

நைனாவின் தங்கையை ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தது. அவர்களும் தறிக்காரர்கள்தான். அத்தைக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாத குறை எல்லா வீட்டிலும் குறைதான், ஆனால் தறிக்காரர் வீட்டில் அது தினமும் கண்ணுக்குத் தெரிகிற குறை. கரைப் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். மாமா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை இரவல் வாங்கி நெய்துகொண்டிருந்தார். இரவல் பிள்ளைகள் நெய்கிற நாளைவிட ஜுரத்தில் படுக்கிற நாள்தான் அதிகமாக இருந்ததாம்.

கடைசியில் அத்தையின் மாமியார் ஒரு நாள் அடுப்படியில் வைத்துத் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

“பெத்துக் குடு. இல்லாட்டி எங்கனா கொண்ணாந்து குடு. ரெண்டும் இல்லேன்னா தையில எம் புள்ளைக்கு வேற பொண்ணு பாக்கறேன்.”

அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியது ஐப்பசியில். மாமரத்தில் தொட்டில் கட்டி வேண்டிக்கொள்ள வந்திருக்கிறாள் என்று தெருவில் சொல்லிக்கொண்டார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அவள் வந்த முக்கியமான காரியம் நான். என்னைத் தன்னோடு அனுப்பச் சொல்லி, வளர்க்கத் தரச் சொல்லி நைனாவைக் கேட்க வந்திருந்தாள். இதையெல்லாம் அம்மா எனக்குச் சொன்னது நானே பிள்ளை பெற்று எழுந்த பிறகு. அந்த நாளில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தை வந்திருக்கிறாள், பை நிறைய அதிரசம் கொண்டுவந்திருக்கிறாள் என்பதுதான்.

நைனாவின் பாடு திண்டாட்டம். தாயில்லாத தங்கையைத் தோளில் போட்டு வளர்த்தவர் அவர். அவளுக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. அதே சமயம் என்னை அனுப்பிவிட்டால் அவருடைய தறியின் கரைப் பக்கம் காலியாகிவிடும். ஒரு முழு நாள் வாயைத் திறக்காமல் நெய்துகொண்டே இருந்தார். மறுநாள் மாலை தறியிலிருந்து எழுந்து வந்து அத்தையிடம் சொன்னாராம்.

“நானு குடுக்கறேன்னும் சொல்ல மாட்டேன், மாட்டேன்னும் சொல்ல மாட்டேன். நாளைக்கு அவள நீயே இட்டுக்கினு போ. ஊரெல்லாம் சுத்திக் காட்டு. அவளையே கேளு. வரேன்னு சொல்லிச்சுன்னா நானு குறுக்க நிக்கல.”

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! அத்தைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஒரு குழந்தையை ஒரு நாள் முழுக்கக் கொஞ்சி, கேட்டதை வாங்கிக் கொடுத்து, ‘வருகிறாயா’ என்று கேட்டால் எந்தக் குழந்தை வரமாட்டேன் என்று சொல்லும்?

அன்றைக்கு விளக்கு வைத்த பிறகு நைனா என்னைத் தறிக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். கையில் ஒரு பொரியுருண்டை கொடுத்தார். அது இருக்கட்டும், அவர் என் தலையில் கை வைத்ததுதான் எனக்கு ஆச்சரியம். நாடா நழுவினால் குட்டுவதற்காகத்தான் அந்தக் கை என் தலைக்கு வந்து பழக்கம்.

“நீ இல்லேன்னா இந்தத் தறியே ஓடாதும்மா” என்றார்.

என் வாழ்க்கையில் நைனா என்னைப் பாராட்டிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. பொரியுருண்டையைத் தின்னக்கூட மறந்துபோய் நின்றேன்.

மறுநாள் காலையில் எங்கள் தறி நின்றது. அமாவாசை தவிர வேறு நாளில் அது நின்று நான் பார்த்ததில்லை. எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது. அம்மா என் பச்சைப் பட்டுப் பாவாடையை எடுத்துக் கட்டிவிட்டாள். தலையைப் பின்னும்போது கண்ணில் நீர் வருகிற அளவுக்கு இழுத்துப் பின்னினாள். வலிக்கிறது என்றேன். அம்மா பின்னலைத் தளர்த்தவில்லை. மத்தியானத்துக்குக் கட்டுச்சோறு கட்டி அத்தை கையில் கொடுத்தபோதும் அவள் முகத்தைப் பார்த்துக் கொடுக்கவில்லை. தம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜட்கா வண்டியில் முதலில் சின்ன காஞ்சிபுரம் போனோம். வரதர் கோவில் மதிலுக்கு உள்ளே காலெடுத்து வைத்ததும் நான் அத்தைக்கு ஊர்க்காரியாகிவிட்டேன். நானும் அங்கே அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் வந்திருந்தேன், அதுவும் இடுப்புக் குழந்தையாக. ஆனாலும் கையை ஆட்டி ஆட்டி அது இது என்று சொல்லிக்கொண்டு போனேன். எனக்குத் தெரியாததை அங்கங்கே கற்பனை செய்தும் சொன்னேன். கல் சங்கிலியைப் பெருமாளே ஓர் இரவில் செய்து மாட்டியதாக நான் சொன்னபோது அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பல்லி இருக்கும் இடத்துக்கு வந்தோம். மேல்தளத்தில் தங்கத் தகடு போர்த்திய பல்லி ஒன்று, வெள்ளியில் ஒன்று. அவற்றைத் தொட்டவர்களுக்குப் பல்லி விழுந்த தோஷம், செய்த பாவம் எல்லாம் போய்விடும் என்பார்கள். அதுமட்டுமல்ல, காஞ்சிபுரத்துப் பல்லியைத் தொட்டுவிட்டு வந்த கையைத் தொட்டாலே மற்றவர்களுக்கும் பலன் உண்டு. வெளியூர்களில் தலைமேல் பல்லி விழுந்துவிட்டால், பல்லியைத் தொட்டு வந்தவர் யார் என்று விசாரித்துக்கொண்டு ஓடுவார்கள். எனக்கு எட்டவில்லை. அத்தை என்னை இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள்.

“நல்லா தொடும்மா. வால்லேந்து தல வரைக்கும் தடவு.”

தடவினேன். தகடு வழவழவென்று சில்லென்று இருந்தது. தொட்டு முடித்தபிறகும் அத்தை என்னைக் கீழே இறக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்த பிறகுதான் இறக்கினாள். எட்டு வயதுப் பெண்ணை அவ்வளவு நேரம் தூக்கி வைத்திருந்தால் கை வலித்திருக்காதா என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன்.

அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு ஒரு பெரிய பொறுப்பு வந்துவிட்டது. வலது கையை எதிலும் படாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நைனா, அம்மா, அண்ணன், தம்பி என்று நாலு பேர் தொட வேண்டிய கை. வழியில் வேறு எதையாவது தொட்டால் பலன் அதிலே போய் ஒட்டிக்கொண்டுவிடும் என்பது என் கணக்கு. அதனால் கையைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். ஜட்காவில் ஏறும்போதும் இறக்கவில்லை. வண்டிக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

ஏகாம்பரர் கோவிலுக்கு வந்து சேர்ந்தபோது உச்சிகால பூஜை ஆகப்போகிற நேரம். மாமரத்தடியில் கூட்டம் இல்லை. நாலு கிளையிலும் நாலு ருசியில் பழம் காய்க்கும் என்று சொல்கிற அந்த மரத்தில் பழைய துணித் தொட்டில்கள் வெயிலிலும் மழையிலும் வெளுத்துத் தொங்கின. அத்தை இடுப்பிலிருந்து மஞ்சள் துணி ஒன்றை எடுத்தாள். உள்ளே ஒரு சின்னக் கல் வைத்துத் தொட்டிலாகக் கட்டினாள். பட்டு இழை அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டு முடிகிற அவள் விரல் அன்றைக்கு ஒரு துணியை முடிக்கத் தெரியாமல் தடுமாறியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். எனக்குப் பசித்தது.

வெளி மண்டபத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். புளிச்சோறு. நான் இடது கையால் சாப்பிட முடியாது, வலது கையால் சாப்பிடக் கூடாது. என் சங்கடத்தைச் சொன்னேன்.

“அதுக்கின்னா, நானு ஊட்டறேன்” என்றாள் அத்தை.

எனக்குப் பின்னால் இரண்டு குழந்தைகள் பிறந்து, அதில் ஒன்று போய்விட்ட வீடு எங்களுடையது. எனக்கு யாரும் ஊட்டின ஞாபகமே இல்லை. அத்தை ஒவ்வொரு கவளமாக உருட்டி உருட்டி ஊட்டினாள். வேர்க்கடலையைப் பொறுக்கி எனக்கே போட்டாள். நான் கையைத் தூக்கிப் பிடித்தபடி ராணி மாதிரி தின்றேன். பாதிச் சோற்றில் அவள் என் தூக்கிய கையை, தொடாமலே, கிட்டத்தில் குனிந்து பார்த்தாள். நாடா உரசி உரசி விரல் ஓரங்களில் காய்த்துப்போய், சில இடத்தில் வெடித்திருந்தது.

“தேங்கா எண்ண தடவ மாட்டாங்களா?” என்று கேட்டாள்.

“எண்ணெ பட்டா பட்டுல கற ஆயிடுமே அத்தே” என்றேன். தறிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு இருந்தது.

மேலும் இரண்டு கவளம் ஊட்டினாள். கடைசிக் கவளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஏம்மா, எங்கூட எங்க ஊருக்கு வந்துடறியா?”

“எத்தினி நாளைக்கு?”

இங்கேதான் அத்தையை நினைத்து எனக்கு இன்றும் ஆற்றாமை பொங்குகிறது. பத்து நாளைக்கு என்று சொல்லியிருந்தால் நான் அப்படியே வண்டியில் ஏறியிருப்பேன். ஆரணி பார்க்கலாம், வழியில் பாலாற்றைப் பார்க்கலாம், தினமும் அதிரசம் தின்னலாம். எந்தப் பெரிய மனுஷியும் சொல்லியிருக்கக்கூடிய பொய்தான். பத்து நாள் போன பிறகு அழுதால் யார் கேட்கப் போகிறார்கள்? அத்தை அதைச் சொல்லவில்லை.

“நாளுக்கணக்கு இல்லம்மா. அங்கயே இருந்துடலாம். எனக்குப் பொண்ணா.”

“தறியில உக்காரணுமா?”

“உக்காரத்தான் சொல்லுவாங்க. நானு முடிஞ்ச மட்டும் பாத்துக்கறேன்.”

அதற்கும் அவள் பொய் சொல்லவில்லை. நான் யோசித்தேனா என்றால், இல்லை. பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. முந்தின நாள் மாலையிலிருந்து யாரிடமாவது சொல்லிக்கொள்ள வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த வார்த்தை அது. நிமிர்ந்து உட்கார்ந்து பெருமையாகச் சொன்னேன்.

“நா எப்பிடி அத்தே வர முடியும்? நா இல்லேன்னா நைனாவோட தறியே ஓடாதே!”

அத்தை என்னைப் பார்த்தாள். “நைனா சொன்னாரா?” என்று கேட்டாள்.

“ஆமா. பொரியுருண்டை குடுத்துச் சொன்னாரு.”

அவள் கையிலிருந்த கவளத்தை எனக்கு ஊட்டி, வாயைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். தான் ஒரு வாய்கூடச் சாப்பிடாத சோற்றை இலையோடு மடித்து மண்டபத்துக்கு வெளியே நின்ற மாட்டுக்குப் போட்டாள். இல்லை என்று சொல்ல வராத நல்ல மனுஷர், அந்த இல்லையைப் பொரியுருண்டையில் வைத்து என் வாய்க்குள் போட்டு அனுப்பியிருக்கிறார் என்பது அத்தைக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. எனக்குப் புரிய இருபது வருஷம் ஆயிற்று.

வெயில் தாழ்ந்ததும் ஜட்காவை அனுப்பிவிட்டு வீட்டை நோக்கி நடந்தோம். எங்கள் தெருவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கைலாசநாதர் கோவில். அந்தக் காலத்தில் அங்கே யாரும் போகமாட்டார்கள். சுற்றிலும் வயலும் புதரும். பழைய ராஜாக்கள் கட்டிய கோவில், மணற்கல்லில் செய்த சிங்கங்கள் மூக்கும் வாலும் உதிர்ந்து நிற்கும். பூஜை செய்கிற குருக்கள் மாலையில் ஒரு தடவை வந்து விளக்கேற்றிவிட்டுப் போவார். அந்தக் கோவிலையும் காட்டிவிடலாம் என்று சொன்னது நான்தான். பொழுது இருந்தது, நாள் முடிந்துவிடுமே என்று எனக்குக் கவலை.

குருக்கள் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தார். வயசானவர். அத்தை சுவாமி கும்பிட்டுவிட்டு, கர்ப்பக்கிருகத்தின் பக்கத்துச் சுவரில் தரையை ஒட்டி இருந்த பொந்தைப் பார்த்தாள். இது என்ன என்று கேட்டாள்.

“பிரதட்சிணம் பண்ற வழிதாம்மா. இப்படி ஊர்ந்து உள்ளே போனா, சுவாமியைச் சுத்திண்டு அந்தப் பக்கத்துப் பொந்து வழியா வெளியிலே வரலாம். வந்துட்டா மறுபடி பிறவி கிடையாதும்பா. இன்னொரு தாய் வயித்திலே போய்ப் பிறக்கவேண்டாம். ஆனா பிள்ளை வேணும்னு எங்கேயாவது நேர்ந்துண்டிருந்தா இதிலே நுழையாதே. ஜனனம் வேணும்னும் கேட்டு, ஜனனமே வேண்டாம்னும் கேட்டா சுவாமி எதைக் கொடுப்பார்? நீ எங்கேயாவது நேர்ந்துண்டிருக்கியோ?”

“நானு எதுவும் நேந்துக்கல சாமி” என்றாள் அத்தை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மத்தியானம்தான் தொட்டில் கட்டினாள், அதற்குள் மறந்துவிட்டாளா? சுவாமி சந்நிதியில் பொய் சொன்னால் கண் போய்விடும் என்று அம்மா சொல்லியிருந்தாள். ‘தொட்டில் கட்டினியே அத்தே’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையில் படுத்து, அந்த இருட்டுக்குள் தலையை நுழைத்துவிட்டாள். குருக்கள் தீபத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் சுற்றிக்கொண்டு ஓடி மறுபக்கத்துப் பொந்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து வௌவால் வாடை அடித்தது. புடவை கல்லில் உரசுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று.

“அத்தே!” என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். பயம் வந்துவிட்டது. நான் அழ ஆரம்பிக்கும்போது உள்ளேயிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

“இருக்கறம்மா. வந்துக்கினு இருக்கறேன்.”

ஆனால் வரவில்லை. அந்த இருட்டில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. நெடுநேரம் கழித்து ஒரு கை மட்டும் பொந்துக்கு வெளியே வந்தது. கண்ணாடி வளையல் ஒன்று உடைந்து மணிக்கட்டில் கீறியிருந்தது.

“கையக் குடுடா கண்ணு. எயந்திரிக்க முடியல.”

கொடுக்கத்தான் போனேன். சட்டென்று ஞாபகம் வந்தது. வலது கையைத் தோளுக்கு மேலேயே தூக்கி வைத்துக்கொண்டு, இடது கையை நீட்டினேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். ஒற்றைக் கையால் என்னால் எவ்வளவு இழுக்க முடியும்? அவளேதான் முழங்கையை ஊன்றி ஊர்ந்து வெளியே வந்தாள். தலைமுடியெல்லாம் ஒட்டடை. முகத்தில் புழுதி, அதில் கண்ணீர் ஓடின தடம். ஊதா நிறப் புடவை முழங்கால் பக்கம் கிழிந்து, மார்பிலிருந்து கால்வரை வௌவால் புழுக்கை அப்பியிருந்தது. என் இடது கையை அவள் உடனே விட்டுவிடவில்லை. தூக்கி வைத்திருந்த வலது கையைப் பார்த்தாள். அதைக் கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்தாயிற்று. வாசலிலேயே அண்ணனும் தம்பியும் ஓடிவந்து என் கையைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அம்மாவும் வந்து தொட்டாள். தொட்டவள் கையை விடாமல், “இன்னா சொன்னே?” என்று என்னைக் கேட்டாள். வரமாட்டேன்னு சொன்னேன் என்றேன். அம்மா என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். மூச்சு முட்டியது. பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும், அத்தையைப் பார்க்காமல் கேட்டாள்.

“அத்தைக்குக் கையக் குடுத்தியா?”

நான் விழித்தேன்.

“எனக்கு அப்பவே குடுத்துட்டா அண்ணி” என்றாள் அத்தை.

நைனா தறிக்குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தங்கையின் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா இது, இவ்ளோ அழுக்கு?”

நான்தான் முந்திக்கொண்டு கைலாசநாதர் கோவில் பொந்தையும் அத்தை அதில் நுழைந்ததையும் குருக்கள் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். நைனா அப்படியே தறிமேடையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். ஒரு புடவை அழுக்கானதற்கு இவ்வளவா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நைனாவிடம் போய் என் வலது கையை நீட்டினேன்.

“சீக்காய் போட்டுத் தோச்சா போயிடும் நைனா. நீ இதத் தொட்டுக்கோ.”

அவர் தொடவில்லை.

அந்தத் தை மாதமே மாமாவுக்கு வேறு கல்யாணம் நடந்தது. வந்தவளுக்கு அடுத்தடுத்துப் பிள்ளைகள் பிறந்து தறியின் கரைப் பக்கம் நிறைந்தது. அவர்களுக்கெல்லாம் ஊட்டி வளர்த்தது அத்தைதான் என்று சொல்வார்கள். நைனா கூப்பிட்டு அனுப்பியபோதெல்லாம் உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினாள். பிறகு உண்மையாகவே சரியில்லாமல் போய், ஒரு மழைக்காலத்தில் செத்துப்போனாள். அவள் வேண்டிக்கொண்டபடி அவள் எங்கேயும் மறுபடி பிறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அடுத்த பிறவியிலாவது அவளுக்கு மகளாகப் பிறக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட காலத்தில், அதற்கும் வழி இல்லை என்பது ஞாபகம் வந்து அழுதிருக்கிறேன்.

ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்த கவலை வேறு. அத்தைக்கு நான் கொடுத்தது இடது கை. அதற்கும் பலன் உண்டா என்று அவளையே கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன். கண் விழித்தபோது விடிந்திருந்தது. ஆரணி வண்டி போய்விட்டதாக அண்ணன் சொன்னான். என் தலைமாட்டில் ஒரு சின்னக் கிண்ணியில் தேங்காய் எண்ணெய் இருந்தது.

“வா, நாழியாச்சு” என்று நைனா தறிக்குழியிலிருந்து கூப்பிட்டார். நான் போய்க் கரைப் பக்கம் என் இடத்தில் உட்கார்ந்தேன். நேற்று ஒரு நாள் நான் இல்லாமல் தறி உண்மையாகவே ஓடவில்லை, ஆகவே நைனா அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லத்தான் போகிறார் என்று, நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.